அறிவியல் முறை வருவதற்கு முன் அறிவு எப்படிக் கிடைத்தது? புனே குயவர் வைத்த மூக்கு சொல்லும் கதை

1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதமும் அதனுடன் ஒரு படமும் அச்சாகின. படத்தில் இருந்தவர் இந்தியர். அவர் முகத்தில் இருந்தது பிறவி மூக்கு அல்ல. நெற்றித் தோலை இறக்கிச் செய்த புது மூக்கு. அதைச் செய்தவர் புனே அருகே வசித்த, செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் என்றது அந்தக் கடிதம்.

லண்டனில் அப்போது இந்தச் சிகிச்சையைச் செய்ய ஆள் கிடையாது. ஆனால், இந்தியாவில் இது ஒன்றும் அபூர்வமான விஷயம் இல்லை, காலங்காலமாக நடப்பதுதான் என்று கடிதம் எழுதியவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தக் குயவர் மருத்துவக் கல்லூரிக்குப் போனவர் இல்லை. ஈதர் மயக்க மருந்தை அறுவை சிகிச்சையில் பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டியது 1846இல்தான். கிருமிதான் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கிறது என்பது அன்று உலகத்தில் எந்த மருத்துவருக்கும் தெரியாது. அப்போ, இவ்வளவு நுட்பமான வேலை அவருக்கு எப்படித் தெரிஞ்சது?

சோதனைக்கூடம், ஆய்விதழ், புள்ளிவிவரம் எல்லாம் வருவதற்கு முன்பு மனிதர்கள் அறிவை எப்படிச் சேர்த்தார்கள், அந்த அறிவு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மூக்கு போதும்.

யார் இந்த கவாஸ்ஜி?

கடிதத்தின்படி, மூக்கை இழந்தவர் பெயர் கவாஸ்ஜி. மராட்டியர். 1792இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் கைதியாகச் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அந்த நிலையிலேயே ஸ்ரீரங்கப்பட்டினம் அருகே பம்பாய்ப் படையோடு சேர்ந்துகொண்டார். பிறகு கிழக்கிந்திய கம்பெனியின் பென்ஷன்தாரர் ஆனார்.

சுமார் 12 மாதங்கள் மூக்கில்லாமல் இருந்தார். அதன் பிறகுதான் புனே அருகே அந்தக் குயவரிடம் போனார். இந்தச் சிகிச்சை செய்யப்படுவதைப் பம்பாய் மாகாண மருத்துவர்கள் இருவர் நேரில் பார்த்திருக்கிறார்கள் என்றும் கடிதம் சொல்கிறது. அதில் ஒருவர் தாமஸ் க்ரூசோ. கவாஸ்ஜியை ஓவியமாக வரைந்தவர் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர். பேஷ்வா சவாய் மாதவராவின் காலத்தில் புனேயில் தங்கி வேலை பார்த்தவர்.

மூக்கை வெட்டுவது அன்றைக்குப் பல இடங்களில் தண்டனையாகவும் அவமானப்படுத்தும் வழியாகவும் இருந்தது. மூக்கறுபட்டவர் என்று நாம் இன்றைக்கும் வசவாகச் சொல்வது சும்மா வந்ததில்லை. மூக்கு போனால் மானம் போனது என்று கருதப்பட்ட சமூகத்தில், மூக்கைத் திரும்ப வைக்கத் தெரிந்தவருக்கு வேலை குறைவாக இருந்திருக்காது.

எப்படிச் செய்தார்கள்?

கடிதம் செய்முறையைப் படிப்படியாக விவரிக்கிறது:

1. மெல்லிய மெழுகுத் தகட்டை வெட்டுப்பட்ட மூக்கின் மேல் பொருத்தி, நல்ல மூக்கு மாதிரி வடிவம் பிடிக்கிறார்கள்.

2. அந்த மெழுகை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் வைக்கிறார்கள். அதைச் சுற்றிக் கோடு போடுகிறார்கள். எவ்வளவு தோல் வேண்டும் என்பதற்கு இதுதான் அளவு.

3. கோட்டின் வழியே தோலை அறுத்துப் பெயர்க்கிறார்கள். ஆனால், இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள்.

4. பழைய வெட்டுக்காயத்தின் தழும்பைச் சீவி எடுத்து, பச்சைக் காயமாக்குகிறார்கள். அதையொட்டி, மேலுதடு வரை ஒரு கீறல் போடுகிறார்கள்.

5. நெற்றித் தோலை அரைச் சுற்று திருப்பிக் கீழே இறக்கி, அந்தக் கீறலுக்குள் செருகுகிறார்கள். திருப்புவதால் தோலின் வெளிப்பக்கம் வெளியிலேயே இருக்கிறது.

6. தையல் கிடையாது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிப் பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். நாம் வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டிதான்.

7. நான்கு நாட்கள் அந்தக் கட்டு மட்டும். பிறகு அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும்.

8. பத்தாம் நாள், மூக்குத் துளைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைச் சுருட்டி வைக்கிறார்கள்.

9. சுமார் 25ஆம் நாள், கண்களுக்கு நடுவே விட்டுவைத்த பட்டையை அறுத்து, மூக்கை இன்னும் கொஞ்சம் சீர்செய்கிறார்கள்.

அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பட்டையில் என்ன இருக்கிறது?

முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. உடலில் இருந்து முழுவதுமாக வெட்டியெடுத்த ஒரு கனமான தோல் துண்டு, ரத்தம் கிடைக்காமல் கறுத்துச் செத்துப்போகும். நடுவில் விட்ட பட்டை வழியே நெற்றித் தோலுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. புருவத்தின் உள்முனை அருகே மேலே ஏறும் ரத்தக் குழாய்தான் அதற்கு ஊற்று. இதற்கிடையில், மூக்கின் அடிப்பகுதியில் இருந்து புதிய நுண்குழாய்கள் வளர்ந்து ஒட்டுத்தோலைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் பிறகு பட்டையை அறுத்தாலும் மூக்கு பிழைக்கும்.

எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? தோல் புற்றுநோயால் மூக்கில் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு இன்றைக்கும் நெற்றித் தோலைக் கொண்டுதான் பல மருத்துவமனைகளில் மூக்கு அமைக்கிறார்கள். பட்டையைத் துண்டிக்கப் பெரும்பாலும் மூன்று வாரங்கள் காத்திருக்கிறார்கள். புனே குயவரின் கணக்கு 25 நாள். ஏறக்குறைய அதே காலம்!

மூன்று வாரம் என்பதற்கான காரணத்தை இன்றைய மருத்துவர் விளக்குவார். அந்தக் குயவர் எண்ணை மட்டும் வைத்திருந்தார். சீக்கிரம் அறுத்தால் மூக்கு போய்விடும் என்பதை யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், ஒரு நோயாளியின் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த முதல் நோயாளிகள் பட்ட பாடு எந்த ஏட்டிலும் இல்லை.

சுஸ்ருதர் எழுதியதைப் படித்துச் செய்தாரா?

'நம்ம ஊர்ல இதெல்லாம் சுஸ்ருதர் அப்பவே எழுதிட்டாரே' என்று பலர் சொல்வார்கள். பாதி சரி.

சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானதாகக் கருதப்படும் சுஸ்ருத சம்ஹிதையில் மூக்கைத் திரும்ப அமைக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால், அதில் தோல் எடுக்கப்படுவது கன்னத்தில் இருந்து. அளவுக்கு வைப்பது ஓர் இலை. மூக்குத் துளைகளுக்குள் குழாய்கள் வைக்கச் சொல்கிறது அந்த நூல். புனேயில் நடந்ததோ நெற்றித் தோல், மெழுகு, துணிச்சுருள், காசுக்கட்டி.

அதாவது, நூலுக்கும் குயவரின் கைக்கும் நடுவே முறை மாறியிருக்கிறது. கன்னத்தை விட நெற்றித் தோல் நன்றாக வேலை செய்கிறது, இலையை விட மெழுகு வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று யாரோ கண்டுகொண்டிருக்கிறார்கள். பழைய அறிவு உறைந்து கிடந்தது, மாறவே இல்லை என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சாட்சி. அறிவியல் முறை என்ற பெயர் இல்லாமலேயே முன்னேற்றம் நடந்திருக்கிறது. ஆனால், அதை யார் செய்தார், எப்போது செய்தார், எத்தனை முறை தோற்ற பிறகு செய்தார் என்ற தடம் மட்டும் இல்லை.

அப்படியானால் அறிவு எந்த வழிகளில் வந்தது?

இந்தக் கதையை வைத்தே நான்கு வழிகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கைப்பழக்கம். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வது. சுஸ்ருத சம்ஹிதையே மாணவர்களை நேராக நோயாளியிடம் விடச் சொல்லவில்லை. பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் அறுத்துப் பழகச் சொல்கிறது. இறந்த விலங்குகளின் நரம்புகளிலும் தாமரைத் தண்டிலும் கீறிப் பழகச் சொல்கிறது. புத்தகம் மட்டும் படித்தவனும் கைவேலை மட்டும் தெரிந்தவனும் ஒற்றைச் சிறகுப் பறவை மாதிரி என்ற கருத்தும் அதில் உண்டு.

இரண்டாவது, உற்றுப் பார்ப்பது. இறந்த உடலை ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, தோல் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறையை அதே நூல் விவரிக்கிறது.

மூன்றாவது, தற்செயல். பிரெஞ்சுப் படையில் இருந்த ஆம்ப்ராஸ் பாரே இதற்கு நல்ல உதாரணம். 1537இல் துரின் அருகே நடந்த போரில், துப்பாக்கிக் காயங்களில் ஊற்றும் கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோனது. அன்றைய மருத்துவத்தில் அதுதான் சரியான சிகிச்சை. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால், எண்ணெய் ஊற்றியவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடிக்க, கலவை தடவியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அதோடு கொதிக்கும் எண்ணெயை விட்டுவிட்டார்.

நான்காவது, சொல் வழி. பெரியவர்கள் சொன்னது, நூல் சொன்னது, பஞ்சாங்கம் சொன்னது. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சொந்தமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

எந்த வழியில் வந்த அறிவை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் புதிதல்ல. நியாய தத்துவம் நேரில் காண்பது, ஊகித்தறிவது, ஒப்பிட்டறிவது, நம்பத்தகுந்தவர் சொல் என நான்கு பிரமாணங்களைப் பேசியது. தமிழில் இதற்கு 'அளவை' என்று பெயர். மணிமேகலைக் காப்பியம் அளவைகளைப் பற்றி விரிவாகவே விவாதிக்கிறது. அறிவை அளக்க ஒரு கோல் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் மட்டும் வேறு மாதிரியா?

இல்லை. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சிசிலித் தீவில் பிராங்கா என்ற குடும்பம் மூக்கு வைப்பதில் பேர்போனது. அதுவும் குடும்பத் தொழில்தான். பிறகு கலாப்ரியா பகுதியில் வியானியோ என்ற குடும்பத்தின் கைக்கு அந்த வித்தை வந்தது. போலோனியாவைச் சேர்ந்த பேராசிரியர் காஸ்பரே தாலியாகோட்ஸி கைத்தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறையை 1597இல் படங்களோடு புத்தகமாகவே போட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? அவருக்குப் பிறகு தொடர்ந்து செய்ய ஆள் இல்லை. சுமார் 200 ஆண்டுகள் ஐரோப்பா அதை ஏறக்குறைய மறந்தேவிட்டது. புத்தகம் இருந்தது, கை இல்லை. புனேயில் கை இருந்தது, புத்தகம் இல்லை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அறிவு நொண்டும்.

அனுபவம் எங்கே ஏமாற்றும்?

இதைப் புரிந்துகொள்ள மூக்கை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கலாம். அதுவும் புனே வானத்தை.

மகாராஷ்டிரா விவசாயிகளுக்கு 'மிருக நட்சத்திரம்' மிக முக்கியம். சூரியன் மிருகசீரிடத்தில் நுழையும் நாள் ஜூன் 7 அல்லது 8 வாக்கில் வரும். அதோடு மழைக்காலம் தொடங்குகிறது, விதைப்புக்குத் தயாராகு என்பது வழக்கு. நம்மூரில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மாதிரி. தென்மேற்குப் பருவமழை புனே பகுதியை எட்டுவதும் வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில்தான். ஆக, இந்த அறிவு சரியான அறிவு. ஏன் சரியாக இருக்கிறது? வருடா வருடம் எல்லோர் கண்ணெதிரிலும் சோதிக்கப்படுகிறது. தப்பாகச் சொன்னால் விதை கருகும், வயிறு காயும்.

அதே மராத்திப் பஞ்சாங்கத்தில் இன்னொரு விஷயமும் இருக்கும். ஒவ்வொரு மழை நட்சத்திரத்துக்கும் ஒரு வாகனம். தவளை, எருமை, யானை வந்தால் நல்ல மழை. வேறு சில விலங்குகள் வந்தால் மழை குறைவு. எந்த வாகனம் என்பது சூரியன், சந்திரன் நிற்கும் நட்சத்திரங்களை எண்ணி, வகுத்து, மீதியை வைத்துப் போடும் கணக்கு. அந்த மீதிக்கும் மேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நீடிக்கிறது. ஏன்?

யானை வாகனத்தில் மழை கொட்டினால் ஊரே பேசும். கொட்டாவிட்டால் 'இந்தத் தடவை தப்பிடுச்சு' என்று மறந்துவிடுவோம். பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மனித மனத்தின் பழக்கம். பலித்தது எத்தனை, பலிக்காதது எத்தனை என்று இரண்டு பக்கமும் எழுதி எண்ணினால்தான் உண்மை தெரியும்.

ஒரே பஞ்சாங்கம், ஒரே பெரியவர்கள், ஒரே பாரம்பரியம். அதில் ஒன்று சரி, ஒன்று வெறும் நம்பிக்கை. இரண்டும் ஒரே மாதிரி உறுதியோடுதான் நமக்குச் சொல்லப்படுகின்றன. அனுபவ அறிவின் பெரிய சிக்கலே இதுதான்: எது நெல், எது பதர் என்று அதற்குள்ளேயே நின்று பிரிக்க முடியாது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான குறையும் இல்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் சுமார் 2,000 ஆண்டுகள், ஏறக்குறைய எல்லா நோய்க்கும் உடலில் இருந்து ரத்தத்தை வெளியேற்றினார்கள். படித்தவர்கள், அனுபவசாலிகள், நல்ல எண்ணம் கொண்டவர்கள்தான். பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நிமோனியா நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து எண்ணிப் பார்த்து, 1835இல் முடிவை வெளியிட்ட பிறகுதான் நம்பிக்கை ஆட்டம்கண்டது. சொல்லப்பட்ட அளவுக்குப் பலன் இருப்பதை அந்த எண்ணிக்கை காட்டவில்லை.

'அறிவியல் முறை' என்ன புதிதாகச் செய்தது?

அது ஒரு நாளில், ஓர் ஊரில் பிறந்ததல்ல. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு இப்னு அல்-ஹைதம் ஒளியைப் பற்றிய கருத்துகளைச் சோதனை செய்து பார்த்தார். ஃபிரான்சிஸ் பேக்கன் 1620இல் வெளியிட்ட நூலில், சாதகமான உதாரணங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் மனதின் பழக்கத்தை எச்சரித்தார். 1660இல் லண்டனில் ராயல் சொசைட்டி தொடங்கியது. சோதனையைப் பலர் முன்னால் செய், எழுதி வெளியிடு, மற்றவர் செய்து பார்க்கட்டும் என்ற பழக்கம் வேர்பிடித்தது.

கண்ணால் பார்ப்பதும், செய்து பார்ப்பதும் புதிதில்லை. அதைக் குயவரும் செய்தார், விவசாயியும் செய்தார். புதிதாக வந்தவை மூன்று: தோல்வியையும் சேர்த்து எண்ணுவது, ஒப்பிடுவதற்கு இன்னொரு தரப்பை வைத்துக்கொள்வது, முன்பின் தெரியாதவரும் சரிபார்க்கும்படி எழுதி வைப்பது.

கவாஸ்ஜியின் மூக்குக்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இந்தியச் சிகிச்சை பற்றி அறிந்து, இந்தியாவில் இருந்தவர்களிடம் விசாரித்தார். புனேயில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த சார்லஸ் மாலெட்டும் அவர்களில் ஒருவர். இறந்த உடல்களில் செய்து பழகினார். தகுந்த நோயாளி கிடைக்கும்வரை காத்திருந்தார். 1814 அக்டோபர் 23இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்தார். இரண்டாவதாக இன்னொரு அதிகாரிக்கும் செய்தார். 1816இல் இரண்டையும் படங்களோடு நூலாக வெளியிட்டார். 1818இல் பெர்லினில் கார்ல் ஃபான் கிரேஃபே இதே துறையில் தன் நூலைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அது உலகச் சொத்து.

கார்ப்யூ புனே குயவரை விடக் கைதேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் செய்தது இரண்டே இரண்டு. குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். ஆனால், கார்ப்யூவின் புத்தகத்தைப் படித்த மூன்றாவது ஆள், அவரைப் பார்க்காமலேயே செய்து பார்க்கலாம், திருத்தலாம், மறுக்கலாம். குயவரிடம் கற்க வேண்டுமானால் அவர் மகனாகவோ சீடனாகவோ இருக்க வேண்டும்.

1794 கடிதம் இந்தச் சிகிச்சை பொதுவாக வெற்றி பெறுகிறது என்கிறது. நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்கு? சீழ்பிடித்து எத்தனை பேர் இறந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கைவேலை மரபில் கணக்குப் புத்தகம் இல்லை.

தோல்வியை எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதையும் புனேயிலேயே பார்க்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவில் இருந்து புனேக்கு வந்தது. தலைமையகம் பின்னர் டெல்லிக்குப் போனாலும், பருவமழை பற்றிய நீண்டகாலக் கணிப்பு வேலை பல ஆண்டுகள் இங்கேதான் நடந்தது. 2002இல் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 101 சதவீதம் இருக்கும் என்று துறை கணித்தது. பெய்தது 81 சதவீதம். பெரும் வறட்சி. அறிவியலும் பொய்த்தது! ஆனால், கணித்த எண்ணும் பெய்த எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தன. பழைய கணிப்பு முறையைக் கைவிட்டு 2003இல் புதியதுக்கு மாறினார்கள். வாகனக் கணக்கு அப்படி ஒரு முறையும் மாற்றப்பட்டதில்லை.

தஞ்சாவூரில் ஒரு ராஜா என்ன செய்தார்?

இந்தியாவில் யாருமே எழுதி வைக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. புனே வட்டாரத்தில் எழுந்த போன்ஸ்லே வம்சத்தின் ஒரு கிளை தஞ்சாவூரை ஆண்டது. அதில் வந்த இரண்டாம் சரபோஜி (ஆட்சி: 1798–1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். உள்நாட்டு மருத்துவர்களும் ஐரோப்பிய மருத்துவம் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை பற்றிய பதிவுகளும், நோயுற்ற கண்களின் ஓவியங்களும் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பதிவு என்பது, இன்றைய மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுக்கு மிகப் பக்கத்தில் வரும் விஷயம்.

எழுதாத அறிவுக்கு என்ன விலை?

ரொம்ப பக்கத்துக் கதை இது. 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை தந்தது. நம்ம வீட்டுப் பாட்டி அடிபட்ட இடத்தில் மஞ்சள் வைத்தது கண்டுபிடிப்பு ஆகிவிட்டது.

இதை எதிர்த்தது அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு, அதாவது சிஎஸ்ஐஆர். அப்போது அதன் தலைமை இயக்குநர் ஆர்.ஏ.மாஷேல்கர். அந்தப் பதவிக்கு வருவதற்கு முன் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவர். 'எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்' என்ற வாதம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் எடுபடாது. வேறு நாட்டில் உள்ள பழக்கம் என்றால் அச்சில் இருக்க வேண்டும். எனவே பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டினார்கள். 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 2001இல் பாரம்பரிய அறிவு மின்னணு நூலகப் பணி தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் உள்ள மருந்துக் குறிப்புகளைக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கும் மொழிகளில் தொகுக்கும் பணி அது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தத் தீர்ப்பு மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று நிரூபிக்கவில்லை. அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்று மட்டுமே சொன்னது. 'பழசு' என்பதும் 'வேலை செய்கிறது' என்பதும் வேறு வேறு கேள்விகள். வாட்ஸ்ஆப்பில் வரும் பல செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன.

அப்போ, முன்னோர்களுக்கு எல்லாம் தெரியுமா, ஒன்றுமே தெரியாதா?

இரண்டுமே சோம்பேறித்தனமான பதில். புனே குயவருக்கு 25 நாள் கணக்கு தெரிந்திருந்தது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் லண்டனுக்குத்தான் நஷ்டம். அதே ஊர்ப் பஞ்சாங்கத்தின் யானை வாகனத்தை நம்பி விதைத்தால் விவசாயிக்குத்தான் நஷ்டம்.

பாரம்பரிய அறிவு என்று ஏதாவது உங்கள் முன்னால் வந்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்:

இது தப்பாக இருந்தால் உடனே தெரிந்துவிடுமா? மூக்கு ஒட்டவில்லை என்றால் மூன்று வாரத்தில் தெரியும். தெரியும் இடத்தில் பிழைகள் தானாகத் திருந்தும்.

பலிக்காத தடவைகளை யாராவது எண்ணியிருக்கிறார்களா? எண்ணாத இடத்தில் எவ்வளவு பழைய நம்பிக்கையும் வெறும் நம்பிக்கைதான்.

வேறொருவர் செய்து பார்க்கும்படி அது சொல்லப்பட்டிருக்கிறதா? 'ரகசிய மூலிகை' என்றால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1794 கடிதத்தில் மூக்கிழந்த கவாஸ்ஜியின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்த மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. 1816 நூலால் கார்ப்யூவின் பெயர் மருத்துவ வரலாற்றில் நிலைத்தது. கத்தியைப் பிடித்தவரின் பெயர் மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை. 'செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர்' என்பதோடு சரி. நெற்றியில் வைத்து விரித்த அந்த மெழுகுத் தகட்டின் அளவு உலகத்துக்குக் கிடைத்தது. அதைக் கையில் உருட்டியவர் யார் என்பது கிடைக்கவில்லை.